கணக்கிடாத அன்பும் மறைக்காத உண்மையும்



கிறித்தவர் நாவில் இன்று மிகுதியாக வழங்கும் தொடர்களுள் ஒன்று ‘நிபந்தனையற்ற அன்பு’. இத்தொடர் விவிலியத்தில் இல்லை. நிபந்தனை என்பது ஒப்பந்தத்துக்கும் வழக்குமன்றத்துக்கும் உரிய சொல். இறையன்பை உணர்த்த அது போதுமா என்று நாம் கேட்டுப் பார்க்கலாம். பத்தாங் காலியைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம்மவர்க்கு அதனினும் நெருக்கமான சொல் ஒன்று உண்டு. அது ‘கணக்கு’.

தோட்ட வாழ்வு கணக்கால் ஆனது. விடியுமுன் பெரட்டில் பெயர் கூப்பிடப்பட்டது. கொணர்ந்த பால் நிறுக்கப்பட்டது. மழையால் வெட்டு நின்றால் வருவாயும் குறைந்தது. கிராணியின் ஏட்டில் ஏறாத உழைப்பு உழைப்பாகக் கொள்ளப்படவில்லை. வேலை போனால் குடியிருந்த வீடும் போயிற்று. ஒருவரின் மதிப்பு அவர் அன்றாடம் ஈட்டுவதைப் பொறுத்தது என்று தோட்டம் நெடுங்காலம் கற்பித்தது.

திருத்தூதர் பவுல் உரோமையர்க்கு எழுதிய திருமுகத்தின் 4ஆம் அதிகாரத்தில் கூலியையே எடுத்துக்காட்டாக்குகிறார். உழைத்தவர் பெறும் கூலி கொடையாகாது. அது அவர்க்குச் சேரவேண்டிய கடன். கடவுள் மனிதரை ஏற்பது அக்கணக்கின்படி அன்று என்பது அவர் வாதம். அங்கு அவர் ஆளும் கிரேக்க வினை ‘லொகிசொமாய்’. கணக்கில் எழுதுதல் அதன் பொருள்களுள் ஒன்று. கொடையைக் குறிக்கும் ‘காரிஸ்’ என்னும் சொல்லைத் தமிழ் மொழிபெயர்ப்புகள் கிருபை என்றும் அருள் என்றும் தந்துள்ளன. அருளை அன்பின் மகவாகக் கண்டவர் நம் வள்ளுவர். உழைப்பை நோக்கித் தரப்படுவது கூலி. ஆளை நோக்கித் தரப்படுவது அருள்.

மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் இயேசு கூறும் உவமையும் தோட்டத்திலேயே நிகழ்கிறது. மாலை 5 மணியளவில் வந்தவர்க்கும் முழுநாள் கூலி கிடைக்கிறது. விடியல்முதல் உழைத்தோர் முணுமுணுக்கின்றனர். அம்முணுமுணுப்பின் நியாயம் தோட்டத்தில் உழைத்தவர்க்கு எளிதில் விளங்கும். எனினும், மாலைவரை நின்றவர்களை வேலைக்கு அழைப்பார் எவரும் இருந்திலர். ஒருநாள் கூலி குறைந்தால் ஒரு குடும்பத்தின் ஒருநாள் உணவு குறையும். உரிமையாளர் அந்தப் பசியைக் கண்டார். கை நடுங்கிப் பால்வெட்டுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ‘இனி என்னால் யாருக்குப் பயன்?’ என்று வருந்தும் நம் முதியோர்க்கு இவ்வுவமை நற்செய்தியாகும்.

அங்ஙனமாயின், கணக்குப் பாராமை என்பது கணக்கையே மறைத்துவிடுவதா? இவ்வூரின் பெயரே அவ்வினாவை எழுப்புகிறது. 1948 டிசம்பர் 11, 12 ஆகிய நாள்களில், பத்தாங் காலிக்கு அருகே சுங்கை ரெமோக் தோட்டத்தில், ஆயுதமற்ற சீன ஆடவர் 24 பேரைப் பிரித்தானிய ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் சுட்டுக் கொன்றனர். தப்பியோட முயன்றதால் சுடப்பட்டனர் என்று அரசு கூறியது. 1970இல் அப்படையினர் சிலர் அதற்கு மாறாகச் சாட்சியம் அளித்தனர். பொது விசாரணை வேண்டிக் குடும்பத்தார் வழக்காடினர். 2015இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அவர்தம் மேல்முறையீட்டைத் தள்ளியது.

‘கடவுள் எல்லாரையும் மன்னிக்கிறார், நீங்களும் மறந்துவிடுங்கள்’ என்று அக்குடும்பத்தாரிடம் சொல்ல நமக்கு உரிமை இல்லை. கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்தில், அன்பு தீமையைக் கணக்கில் வைப்பதில்லை என்னும் கருத்தைப் பவுல் அதே வினையால் கூறுகிறார். அடுத்து, அவ்வன்பு மகிழ்வது உண்மையோடுதான் என்கிறார். இரண்டையும் பிரித்தல் கூடாது. தமக்கு இழைக்கப்பட்ட தீங்கைக் கணக்கிலிருந்து நீக்கும் உரிமை துன்புற்றவர்க்கே உரியது. இழைத்தவரோ அயலாரோ அதை அழித்தெழுத இயலாது. கொடாமல் நிறுத்திய கூலியே இறைவன் செவியில் முறையிடும் என்று யாக்கோபின் திருமுகமும் எச்சரிக்கிறது.

இறையன்பை நாம் கூலியாகப் பெறவில்லை. ஆதலின் பிறரிடம் ஈடு எதிர்பாராமல் அன்பு செய்யக் கடமைப்பட்டுள்ளோம். அதே அன்பு, கூலி மறுக்கப்பட்ட தொழிலாளியின் பக்கமும் உண்மை மறுக்கப்பட்ட குடும்பத்தின் பக்கமும் நம்மை நிற்கச் செய்யவேண்டும். நமக்கு வரவேண்டியதை விட்டுக்கொடுப்போம். பிறர்க்குச் சேரவேண்டியதை விட்டுக்கொடாதிருப்போம்.