கிடேரிக் கன்று வாங்கி வளர்த்தல்



சிங்கப்பூரின் தேக்காவுக்குச் சென்றவர்கள் அங்கே பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, லெம்பு ரோடு என்னும் தெருப்பெயர்களைக் கண்டிருப்பீர்கள். மலாய் மொழியில் கெர்பாவ் என்பது எருமை. லெம்பு என்பது மாடு. 19ஆம் நூற்றாண்டில் நீர்வளமும் புல்வளமும் பெற்றிருந்த அந்தச் சிராங்கூன் சாலைப் பகுதி முழுதும் மாட்டுக் கொட்டில்களால் நிறைந்திருந்தது. கல்கத்தாவில் பிறந்த ஐசக் ரஃபேல் பெலிலியோஸ் அங்கே பெருமளவில் மாட்டு வணிகம் நடத்தினார். கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைத் தொழுவம். அப்பெயர் தாங்கிய மகப்பேறு மருத்துவமனையில் 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன என்பது வேடிக்கையான ஒரு பொருத்தமே!

1930-களில் நகராட்சியின் கட்டுப்பாடுகளால் மாட்டுத் தொழில் அங்கிருந்து விலகிற்று. எனினும் நகரின் பிற பகுதிகளில் தமிழரும் வடஇந்தியரும் பசு வளர்த்து, வீடுதோறும் பால் ஊற்றி வாழ்ந்தனர். பால் விற்றுப் பிழைக்கும் குடும்பத்தில் கன்று குடிக்கும் ஒவ்வொரு மிடறும் காசாகவே தோன்றும். நம் தோட்டங்களிலும் நிலைமை வேறன்று. அதனால் கன்று மெலிகிறது. அந்த மெலிந்த கன்றே பின்னர் மலிவாக நம்மிடம் விலைக்கு வருகிறது.

ஆகவே, கிடேரி வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது விலையை அன்று. கன்று பிறந்தவுடன் சீம்பால் குடித்ததா என்பதையே. தாயின் வயிற்றில் கன்றுக்கு நோயெதிர்ப்புப் பொருள்கள் கிடைப்பதில்லை. அவை சீம்பால் வழியாகவே வருகின்றன. அவற்றை ஏற்கும் ஆற்றல் கன்றின் குடலுக்கு முதல் சில மணி நேரமே மிகுந்திருக்கும். ஒரு நாள் கழிந்தால் ஏறக்குறைய இல்லாமற்போகும். 30 கிலோ எடையுள்ள கன்றுக்கு அந்நேரத்திற்குள் மூன்று லிட்டர் சீம்பாலாவது சேர வேண்டும். பிற்பாடு எத்தனை புண்ணாக்கு வைத்தாலும் அந்த இழப்பு ஈடாகாது.

அடுத்து, உடன்பிறந்த கன்று உண்டா என்று கேளுங்கள். காளைக் கன்றோடு இரட்டையாய்ப் பிறந்த கிடேரிகளில் பெரும்பாலானவை சினை பிடிப்பதில்லை. இதை அறியாமல் வாங்கியவர் இரண்டு ஆண்டு தீனி போட்டபின் கையைப் பிசைய நேரிடும். கூடுமானால் தாய்ப்பசுவையும் அதன் மடியையும் பாருங்கள். கன்றின் தொப்புளில் வீக்கமோ, வாலடியில் கழிச்சல் கறையோ, இருமலோ இருந்தால் வாங்க வேண்டா. பிறந்து ஒரு வாரமே ஆன கன்றைவிட, பால் மறந்து தீனி தின்னப் பழகிய மூன்று, நான்கு மாதக் கன்றே நம்மவர்க்கு ஏற்றது. அதன் விலை சற்றுக் கூடும். சாகும் அபாயமோ குறையும்.

இனத்தைப் பற்றியும் ஒரு சொல். 1930 வாக்கில் கோல்ட் ஸ்டோரேஜ் நிறுவனம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றுச் சரிவில் ஃபிரீசியன் பசுக்களைக் கொண்டு பண்ணை நடத்திற்று. அவ்விடத்தில் 2009இல் இயற்கைப் பூங்கா திறக்கப்பட்டது. பெருநிறுவனத்திற்குக் கட்டுப்படியான குளிர்நாட்டு இனம் லயத்துக் கொட்டிலின் வெப்பத்தையும் உண்ணியையும் எளிதில் தாங்காது. கலப்பினமே நமக்குப் போதும்.

இளங்கன்றாகவே வாங்க நேர்ந்தால், நாளொன்றுக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு பாலை இரு வேளையாகக் கொடுங்கள். இரண்டாம் வாரம் முதல் சிறிது அடர்தீவனமும் தூய நீரும் எட்டும்படி வையுங்கள். இரைப்பை வளர்வதற்கு அடர்தீவனம் மிகவும் உதவும். மூன்று நாள் தொடர்ந்து ஒரு கிலோ அளவு தின்றால் பாலை நிறுத்தலாம். கழிச்சல் கண்டால் பாலை நிறுத்திப் பட்டினி போடுவது நம்மிடையே உள்ள பழக்கம். அது தவறு. பாலோடு, இடையிடையே உப்புச் சர்க்கரைக் கரைசலும் கொடுத்துக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். படுக்குமிடம் ஈரமின்றி இருத்தல் அவசியம்.

தோட்டங்களுக்கே உரிய ஆபத்து ஒன்றுண்டு. களைக்கொல்லி தெளித்த வரிசைகளில் கன்றைக் கட்டலாகாது. அங்கே அறுத்த புல்லும் ஆகாது. உர மூட்டையை நக்கிய மாடும் மாண்டுபோகும். எந்தப் பகுதியில் என்று மருந்தடிக்கப் போகிறார்கள் என்பதை முன்கூட்டியே கங்காணியிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

முதற் சினைக்கு வயதைவிட எடையே முக்கியம். வளர்ந்தால் 400 கிலோ வரும் இனமாயின், 250 கிலோ எட்டிய பின்னரே சினைப்படுத்துக. தராசு இல்லாதவிடத்து, மார்புச் சுற்றை அளந்து எடையைக் கணிக்கும் நாடா உண்டு. சினையான கிடேரியின் மடியையும் காம்பையும் நாள்தோறும் மெல்லத் தடவிப் பழக்கி வந்தால், முதற் கறவையில் அது உதைக்காது.