ஆராய்ச்சி மணியும் பின்வாசலும்

மனுநீதிச் சோழன் தன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி ஒன்றைக் கட்டிவைத்தான் என்பது தமிழர் நன்கறிந்த கதை. அம்மணிக்கு இரண்டு சிறப்புக்கள் உண்டு. எவரும் அதனை அசைக்கலாம். கன்றை இழந்த பசுவும் அசைத்தது. அசைத்தபோது எழுந்த ஓசையோ, அரசன் செவிக்கு மட்டுமன்றி ஊரார் செவிக்கும் எட்டியது. ஆட்சியாளரை அணுகி, ஒரு தரப்பின் கோரிக்கையை எடுத்துரைத்து, அவர்களை இணங்கச் செய்யும் பணிக்கும் இவ்விரண்டுமே அறமாகும். கேட்பது குற்றமன்று, மறைவிற் கேட்பதும், சிலர் மட்டுமே கேட்க முடிவதும் குற்றம்.

இவ்வறம் தவறியதன் விளைவை மாத்தளை வரலாற்றிற் காணலாம். 1830களில் இலங்கையின் சிவில் உத்தியோகத்தருக்கு இருந்த ஓய்வூதியம் ஒழிக்கப்பட்டது. அவர்களிற் பலர் கோப்பித் தோட்டங்களில் முதலிட்டனர். முடிக்குரிய காணி ஏக்கர் 5 சிலிங் விலைக்கு விற்கப்பட்டது. உரிமை நிறுவப்படாத காடும் தரிசும் முடிக்கே உரியவை என்று 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் கொண்டது. கண்டிச் சீமையின் கிராமத்தவர் பலரிடம் உறுதிப் பத்திரம் ஏது? காணியை விற்கும் வர்க்கமும் வாங்கும் வர்க்கமும் ஒன்றேயாயின. வேண்டுவோனும் வழங்குவோனும் ஒருவனே ஆனபின், அங்கே மணிக்கு வேலையில்லை. 1840களின் நடுப்பகுதியில் உத்தியோகத்தர் பயிர்ச்செய்கையில் ஈடுபடுவது தடுக்கப்பட்டு, ஓய்வூதியமும் மீண்டும் வழங்கப்பட்டது. ஆயினும், தோட்டத்துரைமாரின் செல்வாக்குக் குன்றவில்லை.

கோப்பி விலை வீழ்ந்தபோது, தேசாதிபதி டொரிங்டனின் அரசாங்கம் கோப்பி ஏற்றுமதித் தீர்வையை நீக்கியது. அதே அரசாங்கம் 1848இல் நாய்க்கும் துப்பாக்கிக்கும் கடைக்கும் வரி விதித்தது. ஆண்டில் 6 நாள் வீதிவேலை செய்க, அன்றேல் பணம் செலுத்துக என்றது. யூலை 6ஆந் திகதி மக்கள் கண்டிக் கச்சேரியின் முன் திரண்டு முறையிட்டனர். அவர்கள் அசைத்த மணி எவர் செவியிலும் ஏறவில்லை. அம்மாத இறுதியில் தம்புள்ளையில் கொங்காலகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். மாத்தளையிற் கிளர்ச்சி மூண்டது. இராணுவச் சட்டம் பிறந்தது. ஆகஸ்டு 8ஆந் திகதி புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். பிரித்தானியப் பாராளுமன்றம் விசாரணை நடத்தியது. 1850இல் டொரிங்டன் பதவி நீங்கினார்.

மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்துவந்த தமிழ்த் தொழிலாளரின் குறையோ நெடுங்காலம் அரசவையை எட்டவில்லை. கடன் தொகை எழுதிய 'துண்டு' ஒன்றே அவர்களைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றியது. 1919இல் சேர் பொன்னம்பலம் அருணாசலம் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை நிறுவி, அவர்களுக்காக வெளிப்படையாக வாதாடினார். அவர் தோட்டத் தொழிலாளர் அல்லர். தமக்கென அவர் எதுவும் கேட்கவில்லை. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. ஆட்சியாளரிடம் பரிந்து பேசுவது அறச்செயலாகவும் அமையும் என்பதற்கு இதுவே சான்று.

இன்று இலங்கையில் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் சொத்து விபரங்களை வெளியிடுமாறு பணிக்கிறது. இவை பின்வாசலைக் காட்டும் விளக்குகள். விளக்கை ஏந்த வேண்டியவர் குடிமக்களே. அமைச்சரைக் கண்டு திரும்பும் எவரிடமும் மூன்று கேள்விகள் கேட்கத்தகும்: யாருக்காகச் சென்றீர்? என்ன கேட்டீர்? அதனால் இழப்பவர் யார்? மூன்றாவது கேள்விக்கு விடையிறுக்க அஞ்சுபவர், ஊரறிய மணியை அசைக்கத் துணியமாட்டார்.