அவையறிந்தார்க்கு அச்சமில்லை

திருக்குறளின் பொருட்பாலில் ‘அவையறிதல்’ 72ஆம் அதிகாரமாகவும், ‘அவையஞ்சாமை’ 73ஆம் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. இவ்வரிசை எண்ணத்தக்கது. அவையை அறிந்த பின்னரே அதற்கு அஞ்சாமை கைகூடும் என்னும் உண்மை இதனுள் அடங்கியிருக்கிறது. குழு உரையாடலுக்கும் நேர்முகத் தேர்வுக்கும் அஞ்சும் மாணவரைத் துணிவு கொள்ளுமாறு கூறுவோர் பலர். அவர் புகவிருக்கும் அவை எத்தகையது என்று அறிவுறுத்துவோர் சிலரே.

சிற்றூரில் பிறந்து, தமிழ்வழியில் பயின்று, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறும் மாணவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். எழுத்துத் தேர்வில் அவர் எவர்க்கும் இளைத்தவர் அல்லர். நகையை அடகு வைத்துப் படிக்கவைத்த பெற்றோரின் நம்பிக்கையைச் சுமந்து வேலைத் தேர்வுக்குச் செல்கிறார். எண்மர் அமர்ந்த வட்டத்தில் பிறருடைய ஆங்கிலம் தங்குதடையின்றி ஒலித்ததும் அவருக்கு நா வறள்கிறது. நெஞ்சில் கருத்திருந்தும் வாய் திறவாமலே வெளியேறுகிறார். அவர் தோற்றது அறிவுக் குறைவால் அன்று. அவ்வவையின் இயல்பை அறியாமையால்.

தலைவர் எவரையும் அமர்த்தாமல் ஒரு குழுவைப் பேசவிட்டு, அதில் உள்ளோரை மதிப்பிடும் முறையை, 1942இல் பிரித்தானியப் படை தன் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க அமைத்த தேர்வுக் குழுக்கள் கையாண்டன. இந்தியப் படையதிகாரிகளின் தேர்விலும் இம்முறை இடம்பெற்றுள்ளது. உரக்கப் பேசியவர் யார் என்பது அங்கு முதன்மையன்று. பிறர் கருத்தை மதித்து, குழுவை முடிவு நோக்கி அழைத்துச் சென்றவர் யார் என்பதே நோக்கப்படுகிறது. குழு உரையாடல் பட்டிமன்றம் அன்று. இடைமறிக்கப்பட்ட ஒருவருக்கு மீண்டும் வாய்ப்பளிப்பவரும், சிதறிய கருத்துகளைத் தொகுத்துரைப்பவரும் நான்கே தொடர்களில் தம் தகுதியைப் புலப்படுத்திவிடுவர்.

நேர்முகத் தேர்வும் அத்தகையதே. 2013ஆம் ஆண்டு முதல் இந்தியக் குடிமைப் பணித் தேர்வில், தர வரிசைக்குரிய 2025 மதிப்பெண்களில் 1750 முதன்மை எழுத்துத் தேர்வுக்கும், 275 ஆளுமைத் தேர்வுக்கும் உரியன. ஆளுமைத் தேர்வில் தமிழிலேயே விடையிறுக்கவும் இடமுண்டு. கல்வியை எழுத்தில் கண்டபின், மனிதரைக் காண்பதே அவ்வறையின் நோக்கம். ஆதலின், அறியாத வினாவுக்குத் ‘தெரியாது’ என நேர்மையாகக் கூறுவது இழுக்கன்று. அறிந்ததுபோல் நடிப்பதே இழுக்கு.

அவையச்சம் பிறவிக் குறையென்று கருதுவோர் காந்தியடிகளின் வரலாற்றை நினைவுகூரலாம். இலண்டனில் மரக்கறி உணவாளர் சங்கத்தில் அவர் எழுதிச் சென்றதைப் பிறர் படிக்க நேர்ந்தது. 1891இல் தாயகம் திரும்பியபின், பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தவர், வினா எழாமல் அமர்ந்தார். பெற்ற 30 ரூபாயையும் திருப்பித் தரச் செய்தார். ஆயினும் 1893இல் பிரிட்டோரியாவில் இந்தியரைக் கூட்டி, வணிகத்தில் வாய்மை குறித்துத் தம் முதற் பொதுவுரையை நிகழ்த்தினார். அப்பொருளை அவர் முன்னரே நன்கு சிந்தித்திருந்தார்; கேட்போரின் நிலையையும் உணர்ந்திருந்தார். பொருளும் அவையும் தெளிவானவிடத்து நா தானே எழுந்தது.

இத்தெளிவு பயிற்சியால் வருவது. மாணவர் அறுவர் வாரந்தோறும் கூடுக. நாளிதழில் வந்த செய்தி ஒன்றை எடுத்து, ஐவர் கால்மணி நேரம் உரையாடுக. ஒருவர் பேசாதிருந்து, எவர் இடைமறித்தார், எவர் செவிமடுத்தார் என்று குறித்துச் சொல்லுக. ஒருமுறையேனும் மதிப்பிடுவோரின் இருக்கையில் அமர்ந்தவர்க்கு, எதிரே இருப்போர் பகைவர் அல்லர் என்பது விளங்கும். முதலில் தமிழில் கருத்தை ஒழுங்குபடுத்துக. பின்னர் அதையே எளிய ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுக. கருத்து தெளிந்தால் மொழி பின்தொடரும்.

இலக்கிய வட்டங்கள் தம் கூட்டங்களில் மாணவர்க்குப் பத்து நிமிடம் ஒதுக்குவதும் இப்பணிக்குத் துணையாகும். பிழை செய்தாலும் நகையாடாத அவை ஒன்று இளமையில் வாய்க்குமாயின், பின்னர் எந்த அவையும் அச்சுறுத்தாது. கற்றவர் நாவடங்கி வீடு திரும்பும்போது வீணாவது ஒரு வேலை மட்டுமன்று. ஒரு குடும்பம் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த கல்வியும் ஆகும். அக்கல்விக்கு வாயில் திறந்துவிடுவது சான்றோர் கடன்.