பதிவு எண்ணைக் கேளுங்கள்

2024 டிசம்பரில் நம் திருச்சி மேலச்சிந்தாமணியில், ஒரு டாட்டூ கடையில், நாக்கை இரண்டாகப் பிளந்துவிட்டார்கள். அழகுக்காகவாம்! செய்தவர்கள் மருத்துவம் படித்தவர்கள் இல்லை. இருவர் கைதானார்கள், கடைக்குச் சீல் வைத்தார்கள். நாக்கில் எத்தனை ரத்தக் குழாய், எத்தனை நரம்பு! நினைத்தாலே பதறுகிறது.

அழகுக்காக ஊசியோ, லேசரோ, கத்தியோ, எதுவானாலும் செய்கிறவர் படித்த டாக்டர்தானா? பெரிய கடைவீதியில் கம்மல் வாங்கினால்கூட ஹால்மார்க் பார்க்கிறோமே! டாக்டருக்கு மெடிக்கல் கவுன்சில் பதிவு எண் உண்டு. மருந்துச் சீட்டிலேயே இருக்கும். இல்லையென்றால் கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

எண் மட்டும் போதாது. தோலுக்குத் தோல் மருத்துவர், அறுவைக்குப் பிளாஸ்டிக் சர்ஜன். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் ஆற்றைத் தாண்டினால் புத்தூர் அரசு ஆஸ்பத்திரி. காலையில் ஓ.பி. சீட்டு வாங்கி, தோல் டாக்டரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.