‘சைக்கோ’ என்று சொல்லும் முன்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே சுருக்கித் தரப்படுகிறது.)

பின் வரிசையில் மதியச் சாப்பாட்டு மணியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் இறுதியாண்டு மாணவ மாணவியரே!

சங்கச் செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "வேலைக்குப் போகப் போற பசங்களுக்கு உபயோகமா ஏதாவது பேசு தம்பி" என்றார். வெல்டிங் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். "அதைத்தான் நாலு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்காங்களே, பாவம்" என்று சொல்லிவிட்டார். ஆகவே நான் செய்த ஒரு தவறைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அதில் எனக்கு அனுபவம் அதிகம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. எங்கள் தொழிற்சாலையில் ஒரு நாள் பிரஸ் மெஷினில் ஒரு ஹெல்பருக்கு இரண்டு விரல் போய்விட்டது. ஷாப் ஃப்ளோரே ஆடிப்போய் நின்றது. தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு சீனியர் ஒருவர் மட்டும் முகத்தில் எந்த மாறுதலும் இல்லாமல் மெஷினை ஆஃப் செய்தார், விரல்களைத் துணியில் சுற்றிப் பையில் போட்டு ஐஸ் மேல் வைக்கச் சொன்னார், வண்டி வரவழைத்து அனுப்பினார். மணி எத்தனை என்று பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார். அன்று சாயந்திரமே உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினார். யாரிடமும் ஒரு வார்த்தை "ஐயோ பாவம்" என்று சொல்லவில்லை.

அப்போது நான் தினமும் ராத்திரி படுக்கையில் போனில் ஒருவருடைய வீடியோக்களைப் பார்ப்பேன். ‘உங்கள் ஆபீஸில் ஒளிந்திருக்கும் சைக்கோபாத்: ஏழு அடையாளங்கள்’ என்கிற ரகம். பின்னணி இசை, தெளிவான உச்சரிப்பு, ஒரு தடவை கூடத் திக்கமாட்டார். அந்த ஏழில் ஐந்தை அந்தச் சீனியருக்கு நான் டிக் அடித்துவிட்டேன். மறுநாள் கேண்டீனில் மூன்று பேரிடம் சொன்னேன்: "அவர் ஒரு சைக்கோபாத் சார். எமோஷனே கிடையாது."

வார்த்தைக்குக் கால் முளைப்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். நாலு மாதம் கழித்து அவருடைய வருடாந்திர மதிப்பீட்டில் ‘சக ஊழியர்களிடம் அக்கறை குறைவு’ என்று ஒரு வரி ஏறியது. அவரை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றினார்கள். அவர் பெண் அப்போது பிளஸ் டூ. குடும்பத்தை விட்டுவிட்டு அவர் மட்டும் போனார். அவர் எழுதிய அந்த ரிப்போர்ட்டினால்தான் எங்கள் பிரஸ் எல்லாவற்றிலும் கை உள்ளே போனால் மெஷின் தானாக நிற்கும் ஏற்பாடு வந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இதே சமயத்தில் அதே ஆபீஸில் இன்னொருவர். என்ன பேச்சு, என்ன சிரிப்பு! என் பிறந்த நாளை என் வீட்டார் மறந்தாலும் அவர் மறக்கமாட்டார். அம்மாவுக்கு ஆபரேஷன் என்று என்னிடம் ஒன்றரை லட்சம் வாங்கினார். தங்கைக்குக் கல்யாணம் என்று பக்கத்து சீட்டில் வாங்கினார். நிலத் தகராறு என்று ஸ்டோர்ஸில் வாங்கினார். ஒரு திங்கட்கிழமை வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. அவருக்கு நான் ஒரு டிக் கூட அடித்திருக்கவில்லை.

என்ஜினீயருக்குப் புரிகிற மாதிரி சொன்னால், நல்ல பீஸை ரிஜெக்ட் செய்துவிட்டு, கிராக் விட்ட பீஸை பாஸ் பண்ணி அனுப்பிவிட்டேன். அப்படி என்றால் கேஜைச் சந்தேகிக்க வேண்டாமா? அதைத்தான் பிறகு உட்கார்ந்து படித்தேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சினிமா புண்ணியத்தில் நாம் எல்லாரையும் ‘சைக்கோ’ என்கிறோம். சைக்கோசிஸ் என்பது வேறு. இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நடந்ததாக நம்புவது அதில் வரும். அது வைத்தியம் பார்க்க வேண்டிய நோய். அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. சைக்கோபதி என்பது ஆளுமைக் கோளாறு. அவருக்கு நிஜம் நன்றாகவே தெரியும். அடுத்தவர் வலி மட்டும் உறைக்காது.

ஹெர்வி கிளெக்லி என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1941ல் இதைப் பற்றி விரிவாக ஒரு புத்தகம் எழுதினார். அதன் பெயரே ‘புத்தி சுவாதீனத்தின் முகமூடி’ என்று பொருள்படும். அதன் பிறகு ராபர்ட் ஹேர் என்ற கனடா உளவியலாளர், சிறைக் கைதிகளிடம் பல ஆண்டுகள் வேலை செய்து ஒரு சோதனைப் பட்டியல் தயாரித்தார். அதன் திருத்திய வடிவம் 1991ல் வெளிவந்தது. மொத்தம் 20 அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மார்க். அதிகபட்சம் 40. வட அமெரிக்காவில் 30 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் சைக்கோபத் என்ற கணக்கு. வசீகரமான வழவழப்புப் பேச்சு, தன்னைப் பற்றிய மிதமிஞ்சிய எண்ணம், ஓயாத பொய், ஏமாற்றிக் காரியம் சாதிப்பது, குற்ற உணர்ச்சி இன்மை, அடுத்தவரை ஒட்டி வாழ்வது, பொறுப்பை ஏற்காமை, சின்ன வயதிலேயே தொடங்கும் கெட்ட நடத்தை என்று போகிறது.

இங்கேதான் நான் கவனிக்காத விஷயம் இருக்கிறது. இந்த மார்க்கைப் பயிற்சி பெற்றவர்தான் போட வேண்டும். நீண்ட நேரம் பேட்டி எடுக்க வேண்டும். அது மட்டும் போதாது, பழைய ஃபைல்களை எடுத்து அவர் சொன்னதோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் எதிரே இருப்பவர் பொய் சொல்வார் என்பதுதானே சந்தேகமே! ஒரு நாள் ஒரு விபத்தில் ஒருவர் முகம் எப்படி இருந்தது என்பதற்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. வாழ்க்கை முழுக்க, வீடு வேலை நட்பு எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஓடும் குணத்தைத்தான் அது தேடுகிறது.

அடுத்தது நம்ம கணக்கு. கண்டிப்பான அளவுகோலால் அளந்தால் பொது ஜனங்களில் சுமார் நூற்றில் ஒருவர் என்கிறார்கள். உங்கள் கம்பெனியில் ஆயிரம் பேர் என்று வையுங்கள். பத்து பேர் நிஜம். உங்கள் கையில் 90 சதவீதம் சரியாகச் சொல்லும் சோதனை இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். பத்தில் ஒன்பது பேரைப் பிடித்துவிடுவீர்கள், சபாஷ். ஆனால் மீதி 990 பேரில் பத்து சதவீதம், அதாவது 99 அப்பாவிகளையும் பிடிப்பீர்கள். ஆக மாட்டிய 108 பேரில் 9 பேர்தான் நிஜம். பன்னிரண்டில் ஒருவர்! இது 90 சதவீத சோதனைக்கு. ஏழு அடையாள வீடியோவுக்கு எத்தனை சதவீதம் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

நானாவது அரைகுறை. டிகிரி வாங்கிய நிபுணரே தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு உண்டு. 1976ல் டல்லாஸ் நகரில் ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். ராண்டல் டேல் ஆடம்ஸ் என்பவரைப் பிடித்தார்கள். பெட்ரோல் தீர்ந்துபோய் வழியில் நின்ற அவருக்கு அன்று லிஃப்ட் கொடுத்தவன் டேவிட் ஹாரிஸ் என்ற 16 வயதுப் பையன். அவன் ஓட்டி வந்தது திருட்டுக் கார். "சுட்டது ஆடம்ஸ்தான்" என்று சாட்சி சொன்னவனும் அவனே.

ஜேம்ஸ் கிரிக்சன் என்ற மனநல மருத்துவர் ஆடம்ஸைப் பார்த்தார். ஆடம்ஸ் பிற்பாடு சொன்னபடி, கால் மணி, இருபது நிமிஷம்தான். கோர்ட்டில் ஏறி, இவர் வெளியே இருந்தால் இனியும் ஆபத்து என்று அடித்துச் சொன்னார். ஆடம்ஸுக்கு மரண தண்டனை. செய்யாத கொலைக்கு ஒருவர் எப்படி ஐயா வருத்தப்பட்டுக் காட்டுவார்? 1980ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்ய, அது ஆயுள் தண்டனையாயிற்று. எரல் மோரிஸ் என்ற படக்காரர் முதலில் இந்த டாக்டரைப் பற்றிப் படம் எடுக்கத்தான் டல்லாஸ் போனார். போன இடத்தில் ஆடம்ஸைச் சந்தித்து, வழக்கைத் தோண்டி, 1988ல் ஒரு ஆவணப்படம் வெளியிட்டார். 1989ல் ஆடம்ஸ் விடுதலையானார். பன்னிரண்டு வருஷம் போனது போனதுதான். ஹாரிஸ் இதற்கிடையே இன்னொரு கொலை செய்திருந்தான். அதற்காக 2004ல் அவனுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அங்கேயும் அதே கதைதான், பாருங்கள். நல்ல பீஸ் ரிஜெக்ட், கிராக் பீஸ் பாஸ். 1995ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் கிரிக்சனை நீக்கியது. பரிசோதிக்காமலே நோய் சொல்கிறார், நூறு சதவீதம் நிச்சயம் என்கிறார் என்பவை குற்றச்சாட்டுகள்.

இப்போது நம் கைக்குள் இருக்கும் போனுக்கு வருவோம். அதில் யாரைப் பின்தொடர்வது? ஹேர் பட்டியலில் முதல் அம்சமே வழவழப்பான பேச்சு. நாம் சமூக ஊடகத்தில் நிபுணரைத் தேர்ந்தெடுப்பதும் அதே பேச்சைப் பார்த்துத்தானே! பேசுகிறவர்கள் எல்லாரும் சைக்கோபத் என்று சொல்லவில்லை, அப்புறம் என் பிழைப்பும் போய்விடும். பேச்சு நன்றாக இருப்பது விஷயம் சரி என்பதற்கு அத்தாட்சி ஆகாது, அவ்வளவே. 2022ல் கனடாவில் ஏ.டி.எச்.டி. பற்றி டிக்டாக்கில் மிகப் பிரபலமான 100 வீடியோக்களை எடுத்துப் பார்த்தார்கள். 52 தவறான வழி காட்டின.

நான் இப்போது ஒருவரைப் பின்தொடரும் முன் ஐந்து கேள்வி கேட்கிறேன்.

ஒன்று, இவர் யார்? மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் மனநலத்தில் பட்டமும், மருத்துவ கவுன்சில் பதிவும் இருக்க வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே வரையறுத்திருக்கிறது. ‘மைண்ட் கோச்’ என்பதற்கு எந்தப் பதிவேடும் கிடையாது.

இரண்டு, பார்க்காத ஆளுக்கு நோய் சொல்கிறாரா? 1964 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் கோல்ட்வாட்டர் என்ற வேட்பாளர் மனநிலையில் தகுதியானவரா என்று ஒரு பத்திரிகை 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கடிதம் போட்டது. 2,417 பேர் பதில் எழுதினார்கள். அதில் 1,189 பேர் ‘தகுதியற்றவர்’ என்றார்கள். ஒருவர் கூட அவரைப் பரிசோதித்துவிட்டு எழுதவில்லை. கோல்ட்வாட்டர் கேஸ் போட்டு ஜெயித்தார். 1973ல், பரிசோதிக்காமலும் அனுமதி இல்லாமலும் பொது மனிதர்களைப் பற்றி இப்படிக் கருத்துச் சொல்லக்கூடாது என்று அவர்கள் சங்கமே விதி போட்டுக்கொண்டது. ஒரு நடிகரின் பேட்டியைப் பார்த்து நோய் சொல்கிறவரை நான் உடனே விட்டுவிடுகிறேன்.

மூன்று, கடைசியில் எதை விற்கிறார்? பயத்தை முதல் வீடியோவில் கொடுத்து, மருந்தைப் பத்தாவது வீடியோவில் 4,999 ரூபாய்க்குக் கொடுத்தால் உஷார்.

நான்கு, ‘இது ஆளுக்கு ஆள் மாறும்’, ‘நான் முன்பு சொன்னது தவறு’ என்று எப்போதாவது சொல்லியிருக்கிறாரா?

ஐந்து, தன் துறையோடு நிற்கிறாரா? திங்கள் மனநலம், செவ்வாய் பங்குச் சந்தை, புதன் தைராய்டு என்றால் கும்பிடு போட்டுவிடலாம்.

அப்படியானால் என்னை ஏமாற்றிய மாதிரி ஆட்களிடம் எப்படித் தப்பிப்பது என்று கேட்பீர்கள். ஆளுக்குப் பெயர் வைக்க வேண்டாம், செயலைக் குறித்து வையுங்கள். ஒரே விஷயத்தை இரண்டு பேரிடம் இரண்டு விதமாகச் சொன்னாரா? தப்பு நடந்தால் ஒரு தடவையாவது ‘என் மேல்தான் தப்பு’ என்றாரா? தன்னால் லாபம் இல்லாதவரிடம், வாட்ச்மேனிடம், கேண்டீன் பையனிடம் எப்படி நடக்கிறார்? ‘இதை யார்கிட்டயும் சொல்லாதே’ என்று அடிக்கடி சொல்கிறாரா? நாங்கள் மூன்று பேர் ஒரே ஒரு நாள் டீ குடிக்கும்போது பேசியிருந்தால் எங்கள் பணம் தப்பியிருக்கும். பண விஷயத்தை எழுத்தில் வையுங்கள். தொந்தரவு எல்லை மீறினால் நடந்ததைத் தேதி போட்டு எழுதி மேலே கொடுங்கள். ‘என் பாஸ் சைக்கோ’ என்ற புகார் குப்பைக்குப் போகும். ‘12ஆம் தேதி, இன்னார் முன்னிலையில், இப்படிச் சொன்னார்’ என்ற புகார் நிற்கும்.

நான் மெக்கானிக்கல் ஆள். என் ஐந்து கேள்வியில் முதல் கேள்விக்கே நான் ஃபெயில். ஆகவே நான் சொன்னதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சீனியரைப் பற்றி ஒன்று பாக்கி. இரண்டு வருஷம் கழித்து அவர் இருக்கும் ஊருக்கே போய், நான் சொன்ன வார்த்தையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்தார். முகத்தில் அப்போதும் பெரிய மாறுதல் இல்லை. "பரவாயில்லப்பா. ஆனா என்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது? அன்னிக்கு யார்கிட்ட சொன்னியோ, அவங்ககிட்ட போய்ச் சொல்லு" என்றார்.

மூன்று பேரில் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டேன். மூன்றாமவர் கம்பெனி மாறிப் போய்விட்டார், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அந்த வேலை வைத்துக்கொள்ளாதீர்கள், தம்பிகளே, தங்கைகளே. மணி அடித்துவிட்டது, போய்ச் சாப்பிடுங்கள்.