கைவினையும் கல்வியும்
(நம் சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்நாளில் 'வடிவமைப்புச் சிந்தனை' என்றொரு நெறி கல்விக்கூடங்களில் பெரிதும் பேசப்படுகின்றது. இடருறுவோர் நிலையை அருகிருந்து அறிதல், இடர் இன்னதெனத் தெளிதல், வழிகள் பல எண்ணுதல், மாதிரி செய்தல், பயன்கொள்வோரிடம் கொடுத்து ஆராய்தல் என அஃது ஐந்து படிகளை உடையது. அதனை விளக்க ஓர் உண்மை வரலாறு கூறுவேன்.

இராசஸ்தானத்து ஜெய்ப்பூர் நகரில், காலிழந்தோர்க்குச் செயற்கைக் கால் பொருத்தும் பணியில் ஈடுபட்டிருந்தார் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தி. மேனாட்டு முறைப் பாதங்கள் சப்பாத்தினுள் இடுதற்கென அமைந்தவை. நம் நாட்டு உழவனோ வெறுங்காலோடு சேற்றில் நடப்பவன், குந்தியிருப்பவன், சம்மணமிட்டு உண்பவன். ஆதலின் அவற்றைப் பெற்றோர் பலர் கழற்றி வைத்துவிட்டு மீண்டும் ஊன்றுகோலையே நாடினர். 'நோயாளிக்குப் பழகத் தெரியவில்லை' என்று மருத்துவர் அமைந்திருக்கலாம். அவரோ, குறை பாதத்தினதே எனத் தெளிந்தார். அத்தெளிவே பாதி வெற்றி.

அவருக்குத் துணை நின்றவர் ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞர். பள்ளிப் படிப்பு மிகச் சிறிதே உடையவர். எனினும் பொருள்களின் இயல்பைக் கையால் அறிந்தவர். உள்ளே மரமும் நுண்துளை ரப்பரும், மேலே வெப்பத்தாற் பதனிட்ட ரப்பரும் கொண்ட 'ஜெய்ப்பூர் பாதம்' 1968-ஆம் ஆண்டளவில் இவ்வாறு பிறந்தது. செய்தும், சிதைந்தும், திருத்தியுமே அது நிலைபெற்றது. 1975-இல் அந்நகரில் நிறுவப்பெற்ற பகவான் மகாவீர் விக்லாங்க் சகாயதா சமிதி, இலட்சக்கணக்கானோர்க்குச் செயற்கைக் கால்களை விலையின்றி வழங்கியுள்ளது. 1981-இல் சேத்தி மகசேசே பரிசு பெற்றார். சர்மாவின் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே.

அன்பர்களே! இவ்விடத்தில் நாம் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். மதிப்பெண் ஒன்றையே கல்வியெனக் கொண்டு, உளியும் திருப்புளியும் எடுக்கும் சிறுவனைக் கடிகின்றோம். வகுப்பிலும் பிழையான விடைக்குத் தண்டனை உண்டு. அப்பிழை எங்ஙனம் நேர்ந்ததென ஆராய நேரம் இல்லை. இந்நிலையில் புதியன காண்போர் எங்ஙனம் தோன்றுவர்?

ஆதலின் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் மாணவர்க்கு அளிக்கும் பரிசில்களுள் ஒன்றையேனும், தம் தெருவிலோ வீட்டிலோ பிறர் படும் இடர் ஒன்றைக் கண்டு, அது தீரத் தம் கையால் ஒன்று செய்து காட்டும் சிறுவர் சிறுமியர்க்கென ஒதுக்குக. முதன்முறை செய்தது பயன்படாது போயினும், மறுமுறை திருத்தியதைப் போற்றி மதிப்பிடுக. அடுத்த ஆண்டு இம்மேடையில் மதிப்பெண் பட்டியலோடு, நம் பிள்ளைகள் கையாற் செய்த பொருள்களும் வைக்கப்பெறுதல் வேண்டும் என்பதே என் அவா.