பேத்தியின் மூன்று மொழிகள்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் குழந்தைகள் தின நிகழ்ச்சியில், ஓய்வுபெற்ற ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நார்வே போய் வந்ததைப் பற்றிப் பேசுங்கள் என்றார் செயலாளர். பனியும் மலையும் பார்க்க விரும்புகிறவர்கள் பிறகு வீட்டுக்கு வாருங்கள், போனில் நிறையப் படம் இருக்கிறது. இங்கே என் பேத்தி போகும் மழலையர் பள்ளியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

என் மகள் குடும்பம் ஸ்டாவாங்கரில் இருக்கிறது. எண்ணெய்க் கம்பெனிகளின் ஊர். மாப்பிள்ளைக்கு மூன்று வருட ஒப்பந்தம். அடுத்து எந்த நாடு என்று அவர்களுக்கே தெரியாது. அதனால் நார்வே மொழி, ஆங்கிலம் இரண்டிலும் நடக்கும் மழலையர் பள்ளியாகப் பார்த்துச் சேர்த்தார்கள். அங்கே அதற்குப் பெயர் பார்னெஹாகெ. குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். ஒரு வயது ஆனதும் குழந்தைக்கு அதில் இடம் கேட்கப் பெற்றோருக்குச் சட்டப்படி உரிமை உண்டு, 2009 முதல். பெரிய பள்ளிக்கூடம் ஆறு வயதில்தான். 1997-க்கு முன்னால் அதுவும் ஏழு வயது.

நான் முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். முதல் நாள் போனபோது என் கண் கரும்பலகையைத் தேடியது. இல்லை. நோட்டு இல்லை, வீட்டுப்பாடம் இல்லை. மழையில் பிளாஸ்டிக் கால்சட்டை மாட்டிக்கொண்டு சேற்றில் உருள்கிறார்கள். சின்னஞ்சிறுசுகளைத் தள்ளுவண்டியில் கம்பளி சுற்றி, குளிரில், வெளியிலேயே தூங்க வைக்கிறார்கள்! நம் ஊரில் செய்தால் தெருவே கூடிவிடும்.

ஆனால் வேலை நடக்கிறது. ஒரு டீச்சர் நார்வே மொழி மட்டும் பேசுவார், இன்னொருவர் ஆங்கிலம் மட்டும். ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு உடனே மற்ற மொழியில் பெயர்த்துச் சொல்வதே கிடையாது. பெயர்த்துச் சொன்னால் குழந்தை தனக்கு எளிதானதற்காகக் காத்திருக்கும். ஆளுக்கொரு மொழி என்றால் இரண்டையும் காது கொடுத்துக் கேட்கும். எந்த முகத்துக்கு எந்த மொழி என்று மூன்று வயதுக் குழந்தை பிசகாமல் வைத்துக்கொள்கிறது. அவசரத்தில் இரண்டையும் கலந்து பேசினாலும் யாரும் திருத்துவதில்லை. டீச்சர் அதையே முழுதாகத் தன் மொழியில் ஒருமுறை சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

என்னைப் பார்த்ததும் நார்வே டீச்சர் கேட்டது, "மூர்மூரா, ஃபார்மூரா?" என்று. மூர் என்றால் அம்மா, ஃபார் என்றால் அப்பா. அம்மாவின் அம்மா மூர்மூர், அப்பாவின் அம்மா ஃபார்மூர். நம் தெலுங்கு வீடுகளில் அம்மம்மா, நானம்மா என்பது போலவே. ஆங்கில டீச்சருக்கு நான் வெறும் கிராண்ட்மா. அன்றைக்கே நார்வே மொழி எனக்குப் பிடித்துவிட்டது.

இனி சங்கடமான பகுதி. என் பேத்தி என்னோடு தமிழில் பேசவில்லை. நான் சொல்வது புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். குழந்தை குழம்பிப் போகும், ஆங்கிலம் பின்தங்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, என் மகளும் மாப்பிள்ளையும் வீட்டில் ஆங்கிலமே பேசியிருக்கிறார்கள். அதை மாற்றச் சொன்னது யார் தெரியுமா? நான் இல்லை. நான் சொன்னால் கேட்பார்களா! அந்தப் பார்னெஹாகெ டீச்சர்தான். பல மொழிக் குழந்தைகள் தங்கள் தாய்மொழியைப் பயன்படுத்த ஊக்கம் தர வேண்டும் என்று அந்த நாட்டின் மழலையர் கல்விக்கான 2017-ஆம் ஆண்டுத் திட்டமே சொல்கிறது. "ஆங்கிலத்தையும் நார்வே மொழியையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் தமிழைப் பேசுங்கள்" என்றார் அவர். கூடவே, தமிழில் ஏழெட்டுச் சொற்களை எழுதித் தரச் சொன்னார். தண்ணி, பசிக்குது, வலிக்குது, ஒண்ணுக்கு, தூக்கம், அம்மா வருவா. குழந்தையின் கோட்டு மாட்டும் ஆணிக்கு மேலே அந்தக் காகிதத்தை ஒட்டிவைத்தார்கள்.

ஒருநாள் அழைத்துவரப் போனேன். பேத்தி விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த வெள்ளைக்கார அம்மா பக்கத்தில் மண்டியிட்டு, "வலிக்குதா?" என்கிறார். உச்சரிப்பு சுமார்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அழுதது பேத்திக்காக மட்டும் இல்லை.

நம் பக்கம் தெலுங்கும் தமிழும் கலந்த பூமி. திருத்தணி தாலுகா இந்த மாநிலத்தோடு சேர்ந்ததே 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி. நம் தெருவிலேயே பாதி வீட்டில் தெலுங்கு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை வாயே திறக்காது. புது மொழிக்குள் வந்த குழந்தை சில மாதம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு. அது எனக்கு அப்போது தெரியாது. அவள் அம்மாவைக் கூப்பிட்டு, வீட்டில் தெலுங்கை நிறுத்துங்கள், தமிழில் பேசுங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னேன். டீச்சரம்மா சொல் அல்லவா, அப்படியே செய்தார்கள். அந்த அம்மாவுக்குத் தெரிந்த தமிழ் கடைக்குப் போய் வரும் அளவுக்குத்தான். ஒரு குழந்தைக்குக் கதை சொல்ல, கோபிக்க, கொஞ்ச அது எப்படிப் போதும்? வருடங்கள் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது, "எங்க அவ்வாகிட்ட பேச எனக்கு வராது டீச்சர், தலையாட்டுவேன்" என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். அதைச் செய்தது நான். "நொப்பியா?" என்று தெலுங்கில் நான் ஒருமுறை கேட்டிருந்தால் முதல் வாரத்திலேயே பேசியிருப்பாள்.

ஸ்டாவாங்கரில் நாங்கள் பழகியது யாழ்ப்பாணத்துத் தமிழர்களோடு. அந்த நாட்டுக்குத் தமிழர் போன கதை 1956-இல் அந்தோனி ராஜேந்திரம் என்ற யாழ்ப்பாணத்துக்காரரோடு தொடங்குகிறது. மீன்பிடித் தொழிலைப் படித்து ஊருக்குக் கொண்டுவந்து, சீநோர் நிறுவனத்துக்கு வழி செய்தவர். பிறகு போர் வந்தது, ஆயிரக்கணக்கில் போனார்கள். குடும்பங்கள் சேர்ந்து வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் நடத்துகிறார்கள், அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம் போல. மூன்று வயதில் அங்கே போன கம்சாயினி குணரத்தினம் 2015-இல் ஒஸ்லோவின் துணை மேயர், 2021-இல் நாடாளுமன்ற உறுப்பினர். தமிழ் பேசும் வீட்டில் வளர்ந்ததால் அவருடைய நார்வே மொழி ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

எல்லாம் தானாக வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று மொழி கேட்கும் குழந்தைக்கு ஆரம்பத்தில் ஒவ்வொரு மொழியிலும் சொற்கள் கொஞ்சம் குறைவாகத் தெரியலாம். பயப்பட வேண்டாம், எல்லாவற்றையும் சேர்த்து எண்ண வேண்டும். ஆனால் கேட்காத மொழி வராது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அரை மணி நேரம் கொஞ்சினால் புரியும், பேச வராது. மூன்று மாதம் தினமும் சோறு ஊட்டிக் கதை சொன்ன பிறகுதான் என் பேத்தி, "பாட்டி, இன்னொண்ணு சொல்லு" என்றாள். அதிலும் 'இன்னொண்ணு' நார்வே மொழியில் இருந்தது. பரவாயில்லை.

இங்கே மூன்று வயதில் வேனில் ஏற்றி, நாலு கோட்டு நோட்டில் ஏ பி சி எழுத வைத்து, வீட்டிலும் "ஈட் பண்ணு, வாஷ் பண்ணு" என்கிறோம். ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைச் சரியாகப் பேசுகிறவர் பேசட்டும். நமக்கு நன்றாக வருவதை நாம் பேசுவோம்.

சங்கத்திடம் ஒன்று கேட்டேன், ஒப்புக்கொண்டார்கள். வரும் மாதம் முதல் இரண்டாம் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு இந்தக் கூடத்தில் கதை நேரம். ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. பென்சில் கொண்டுவரக் கூடாது. தமிழ்க் கதை நான் சொல்கிறேன். தெலுங்குக்கு இரண்டு அம்மம்மாக்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள், ஆளுக்கொரு மொழி, பெயர்த்துச் சொல்வது இல்லை. செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வந்திருப்பவர்களின் பிள்ளைகளையும் கூப்பிட நினைக்கிறேன். தண்ணி, பசி, வலி, இந்தச் சொற்களையாவது ஒடியாவில் எழுதித் தர ஆள் வேண்டும். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால், இன்று போவதற்கு முன் என்னிடம் சொல்லுங்கள்.